நான்காவது பக்கம்

"ஃபிலிப் வெப் கூட முற்றத்தை மூடத்தான் வரைந்தார்" என்று அந்த அம்மாவிடம் நான் சொன்னது பொய் இல்லை. வெப், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கட்டடக் கலைஞர். இதை எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இங்கிலாந்தின் சர்ரேயில், கைவினையைப் போற்றிய ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் பாணியில் ஒரு வீடு. மூன்று பக்கம் அறைகள், நடுவில் தோட்டம். அதன்மேல் கண்ணாடிக் கூரை போட வேண்டும் என்பது மகனின் விருப்பம். வரைபடம் என்னுடையது. வீடு அம்மா பெயரில் இருந்தது.

வரைபடத்தில் ரோஜாக்கொடி நின்ற மூலையில் அவர் விரலை வைத்தார். "மழை பெய்தால் இதற்கு எப்படித் தெரியும்?"

"சொட்டுநீர்க் குழாய் வைத்துவிடலாம்" என்றேன். விரல் நகரவில்லை. அப்புறம்தான் ரெட் ஹவுஸ் கதையை எடுத்தேன்.

லண்டன் அருகே பெக்ஸ்லிஹீத்தில், கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸுக்காக வெப் வடிவமைத்து 1860-இல் முடிந்த வீடு அது. எல் வடிவத்தில் செங்கல் கட்டடம், அதன் அணைப்பில் தோட்டம், கூம்புக் கூரை போட்ட கிணறு. பழமரங்களை முடிந்தவரை வெட்டாமல் கட்டியதால் ஆப்பிள்கள் ஜன்னல் வழியே அறைக்குள் விழுமாம். மாரிஸின் நண்பரான ஓவியர் பர்ன்-ஜோன்ஸ் குடும்பமும் கூடவே வந்து இருக்கட்டும் என்று, இன்னொரு பகுதி சேர்த்து முற்றத்தை நாற்புறமும் அடைக்க வெப் வரைந்தார். இவ்வளவும் சொன்னேன். "அவரே அப்படி நினைத்தாரா?" என்று கேட்டவர், கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வெப் அடைக்க நினைத்தது பக்கவாட்டில் மட்டும்தான். வானத்தில் அவர் கைவைக்கவில்லை. அந்தப் பகுதியும் கட்டப்படவே இல்லை. 1864-இல் பர்ன்-ஜோன்ஸ் வீட்டில் காய்ச்சல் புகுந்து கைக்குழந்தை இறந்துபோனது. அவர்கள் வரவில்லை. அடுத்த வருடம் மாரிஸும் அந்த வீட்டைவிட்டுப் போனார், திரும்பவே இல்லை. இதையெல்லாம் நான் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் மட்டும்? குளிர்காலத்தில் அந்த அம்மாவின் வீட்டில் கை விறைத்துப்போகும். அவருக்கு மூட்டுவலி வேறு. இப்போது காலையில் அங்கேதான் உட்கார்கிறாராம், மகன் சொன்னார். அப்படியென்றால் நான் செய்தது சரிதானே? ஆனால் அவர் கேட்டது தண்ணீர் பாய்ச்சுவதைப் பற்றி இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் குழாயைப் பற்றிப் பேசினேன்.

வேலை முடித்து ஒப்படைக்கப் போன அன்று நல்ல மழை. கண்ணாடியில் அது அடிக்கும் சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை. ரோஜா இலைகளில் சிமெண்ட் தூசி படிந்திருந்தது. இரண்டு மூன்று இலைகளை விரலால் துடைத்துவிட்டுக் கிளம்பினேன்.