ஃபார்மலின் பாட்டில்

பாளையங்கோட்டையில் ஒரு திசுப் பரிசோதனைக் கூடத்தில் 16 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மெழுகில் பதித்த சதையை 3, 4 மைக்ரான் தடிமனில் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயமிடுவது என் வேலை. கன்னம், மார்பகம், கருப்பை வாய் எல்லாம் தினமும் வரும். உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய் எப்போதாவதுதான் வரும்.

முக்கூடல் அம்மா ஒருவர், பீடி சுற்றுகிறவர். இடது காதடியில் வீக்கம். பொன்னுக்கு வீங்கி என்று மகளின் சங்கிலியை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அப்படி நினைத்ததில் பிழையில்லை. பொன்னுக்கு வீங்கியில் வீங்குவதும் காதடியிலுள்ள அதே உமிழ்நீர்ச் சுரப்பிதான். இது வடியவில்லை. முகநரம்பு அந்தச் சுரப்பிக்குள் புகுந்துதான் போகிறது. வாய் ஒரு பக்கம் கோணிய பிறகே சதை எடுத்தார்கள்.

“பீடித் தூளிலேயே கிடந்தேனே தம்பி, அதனாலா?” என்று கேட்டார். வாய்ப் புற்றுநோயைப் போல இதற்குப் புகையிலையோடு உறுதியான தொடர்பு காட்டப்படவில்லை என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதும்தான் அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

சதையை எடுத்த மருத்துவமனையில் அதை ஊசி மருந்துக் குப்பியில், உப்பு நீரில் போட்டு அனுப்பியிருந்தார்கள். சனிக்கிழமை எடுத்தது எங்களிடம் திங்கட்கிழமை வந்தது. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயில் ஒரு வகையான உமிழ்நாளப் புற்றுநோய் என்றுவரை சொல்ல முடிந்தது. ஆனால் செல்லின் மேல் இருக்கும் ஹெர்-2 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் திட்டுத்திட்டாக ஏறியது. ஹெர்-2 இருப்பது ஏற்கெனவே தெரிந்த ஒப்புநோக்கும் தகட்டில் அதே சாயம் பளிச்சென்று இருந்தது. அழுகத் தொடங்கிய சதையில் புரதத்தை எங்கே தேடுவது? சதை அழுகாமல் காக்கும் ஃபார்மலின் சதையைப் போலப் பத்து மடங்கு, 6 முதல் 72 மணி நேர ஊறல். கேட்பது இவ்வளவுதான். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

இந்த வகைப் புற்றுநோயில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஹெர்-2 மிகுந்திருக்கும். அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டிராஸ்டுசுமாப் பயன்படுகிறது. பலருக்கு ஆண் ஹார்மோன் ஏற்பி இருக்கும். அதைத் தடுக்கும் மருந்து பெண்களுக்கும் உண்டு. அதே சுரப்பிகளில் வரும் வேறொரு வகை, 2010-இல் தனி நோயாக அடையாளம் கண்ட சுரப்புப் புற்றுநோய். அதற்கு, அதன் மரபணு இணைவைக் குறிவைக்கும் லாரோட்ரெக்டினிப் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எதைக் கொடுப்பது என்பதைச் சதைதான் சொல்ல வேண்டும்.

மறுபடி சதை எடுத்தபோது பாட்டிலை நானே கொண்டுபோனேன். இம்முறை ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கோழிவலை போலப் பழுப்புக் கோடு. மூன்று பிளஸ், ஹெர்-2 சோதனையின் உச்ச அளவு! நுரையீரலுக்கும் பரவியிருந்ததால் கீமோவோடு டிராஸ்டுசுமாப் தொடங்கினார்கள். இந்தியாவிலேயே அதன் விலை குறைந்த நிகர் மருந்து 2014 முதல் கிடைப்பதால்தான் அந்தக் குடும்பம் அதை யோசிக்கவே முடிந்தது.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை முக்கூடல் பஸ்ஸில் வருகிறார். மருந்து இதயத்தைப் பாதிக்கிறதா என்று பார்க்க இடையிடையே இதய எக்கோ. வீக்கம் குறைந்திருக்கிறது, வாய்க் கோணல் அப்படியே இருக்கிறது.

நேற்று கடையநல்லூரிலிருந்து ஒரு பாட்டில் வந்தது. கழுத்துவரை ஃபார்மலின். சதை எடுத்த நேரத்தையும் ஒட்டுத்தாளில் யாரோ எழுதியிருந்தார்கள்.