முகம் கைக்கு வந்துவிட்டது

மூன்று வாரமாக பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் செதுக்கிய முகம் இன்று கையில் இருக்கிறது. 6 அங்குல ஆக்‌ஷன் ஃபிகருக்கான (கை, கால் மடக்கக்கூடிய பொம்மை) தலை, நிஜ அளவில் 1/12. உச்சி முதல் தாடை வரை 2 செ.மீ.கூட வராது. முதல் ரெசின் 3டி பிரிண்டில் இமை மடிப்பே தெரியவில்லை, மனசு விட்டுப்போனது. இவ்வளவு சிறிய முகத்தில் இமை, மூக்கோரம், உதடு எல்லாவற்றையும் நிஜத்தைவிட ஆழமாக வெட்ட வேண்டும். அப்போதுதான் நிழல் விழும். இரண்டாவது பிரிண்டில் உயிர் வந்துவிட்டது!

பொம்மையின் பழைய தலையைக் கழற்ற வெந்நீர் போதும், பிவிசி பிளாஸ்டிக் இளகிவிடும். அப்புறம் மூட்டுகள். பெயிண்ட் அடிக்கும் முன் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் கையை மடக்கியதுமே பெயிண்ட் உரியும்.

கருவிழி மட்டும் பாக்கி. நாளைக் காலை வெளிச்சத்தில் தீட்டப்போகிறேன்.