178, 85, 45

மகள் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வந்ததும் நான் கேள்வி கேட்பேன். தென்னாப்பிரிக்கா என்றால் மளமளவென்று ஒப்பிப்பாள்: 1948 நிறவெறி நேஷனல் கட்சி ஆட்சி, 1960 ஷார்ப்வில்லில் 69 பேர் சுட்டுக்கொலை, 1976 சோவெட்டோ மாணவர் எழுச்சி, 1990 மண்டேலா விடுதலை. எல்லாம் சரி. எனக்குப் பிடித்த வருஷம் மட்டும் அதில் இருக்காது. 1984.

அந்த நாட்டில் 1950-லிருந்து ஆளாளுக்கு இனம் எழுதிப் பதிவு செய்தார்கள். சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்களாம். விழுந்தால் ஒரு இனம், நின்றால் வேறு இனம். எந்தத் தெருவில் குடியிருக்கலாம், யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அந்தப் பதிவை வைத்துத்தான். 1860-லிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய நம் ஆட்களின் வாரிசுகளை, டர்பனில் கேட்டோ மேனரிலிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் விட்டதும் அப்படித்தான்.

எதிர்ப்பு வலுத்ததும் நேஷனல் கட்சித் தலைவர் பி.டபிள்யூ. போத்தா ஒரு தந்திரம் செய்தார். மூன்று சபை கொண்ட நாடாளுமன்றம். வெள்ளையருக்கு 178 இடம், கலப்பினத்தாருக்கு 85, இந்தியருக்கு 45. பின்னிரண்டையும் கூட்டினாலும் 130-தான். ஜனத்தொகையில் பெரும்பான்மையான கறுப்பருக்கு ஒரு இடமும் இல்லை.

"இருந்தாலும் 45 கிடைக்குல்லப்பா?" என்றாள் மகள்.

"ஏட்டி, அதுக்குத்தான் அந்தத் தூண்டிலே."

1984-ல் அந்தச் சபைக்குத் தேர்தல் வந்தபோது, அங்கே இந்தியர்களின் போராட்ட அமைப்பான நேட்டால் இந்தியக் காங்கிரஸ் வீடு வீடாகப் போய் ஓட்டுப் போடாதீர்கள் என்றது. பதிவு செய்த இந்திய வாக்காளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் சாவடிக்குப் போனார்கள். ராபன் தீவுச் சிறையில் 20 வருஷம் அடைபட்டு அந்த வருஷம்தான் வெளியே வந்திருந்த போராளி பில்லி நாயர், மறுபடி போலீஸ் தேடியதும், இன்னும் ஐந்து பேரோடு டர்பனில் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். இருபது வருஷம் ஜெயில் பார்த்த மனுஷனுக்கு இருந்த தெம்பைப் பாருங்கள்.

பாளையங்கோட்டையில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருப்பவன் நான். கையில் கட்டுகிற கயிறு கேட்டு யூனிஃபார்மோடு பையன்கள் வருவார்கள். எந்தெந்தக் கலர் சேர்த்துக் கேட்கிறார்கள் என்பதை வைத்தே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். பென்சில் கூட வேண்டாம். 2023-ல் நாங்குநேரியில் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்களே, அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு இந்தக் கயிற்றைத் தடை செய்யச் சொல்லிவிட்டது. பையன்கள் கேட்பதை நிறுத்தவில்லை. நான் விற்பதில்லை. "அண்ணாச்சி, அடுத்த கடைல இருக்கு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இதோடு நிறுத்தினால் மகளிடம் பாதியை மறைத்த மாதிரி ஆகும். 1994 ஏப்ரலில் எல்லாருக்கும் ஓட்டு வந்தது. மண்டேலா ஜெயித்தார். ஆனால் டர்பன் வட்டாரத்து இந்தியர் ஓட்டில் பெரும்பங்கு போனது டி கிளர்க்கின் நேஷனல் கட்சிக்கு.

"பத்து வருஷத்துல எப்படிப்பா?"

பயம்தான். 1949-ல் டர்பனில் இந்தியருக்கும் கறுப்பருக்கும் நடந்த கலவரத்தில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள், கடைகள் எரிந்தன. 1985-ல் டர்பன் பக்கத்து இனாண்டாவிலும் இந்தியர் வீடும் கடையும் எரிந்தன. கடைக்காரனான எனக்கு அந்தப் பயம் புரியாமல் இல்லை. அதற்காக, தெருவைப் பிரித்து, வீட்டைவிட்டுக் கிளப்பின கட்சிக்கே போய்க் குத்தினார்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.