டெவலப்பருக்கு முன் தண்ணீர்: எப்போது வேண்டும், எப்போது கூடாது

கறுப்பு வெள்ளை ஃபிலிமை, படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனக் கரைசலான டெவலப்பரை ஊற்றும் முன், தண்ணீரில் ஊறவைக்க வேண்டுமா என்று கேட்பவரிடம், எந்த டெவலப்பர், எந்த டேங்க் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

கையால் கவிழ்த்துக் குலுக்கும் சிறிய டேங்கில் 35 மி.மீ. ரோலுக்கு இது கட்டாயமில்லை. ஃபிலிம் தயாரிக்கும் இல்ஃபோர்டு நிறுவனம் இதைப் பரிந்துரைப்பதே இல்லை. டெவலப்பர் சீராகப் படியாமல் போகலாம் என்கிறது. ஆனால் சுழலும் டிரம்மில் கதை வேறு. அதில் டெவலப்பர் கொஞ்சம்தான். உலர்ந்த ஃபிலிமில் ஓரிடம் முதலில் நனைந்தால் அங்கே கறுப்பும் முதலில் ஏறும். அதனால்தான் அத்தகைய டிரம்களைத் தயாரிக்கும் ஜோபோ நிறுவனம் 5 நிமிடம் ஊறவைக்கச் சொல்கிறது. டிரேயில், தனித்தனித் தாளாக வரும் ஷீட் ஃபிலிம்கள் பலவற்றைச் சேர்த்து டெவலப் செய்பவர்களும் இதைத் தவிர்க்க முடியாது. உலர்ந்த ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அமிழ்த்தி, நன்றாக ஊறிய பிறகே அடுக்க வேண்டும்.

தண்ணீரும் டெவலப்பரும் ஒரே வெப்பநிலையில், பொதுவாக 20 டிகிரியில், இருக்கட்டும். டேங்கை நிரப்பி, காற்றுக் குமிழி போக இரண்டு மூன்று முறை தட்டி, முதல் அரை நிமிடம் குலுக்குங்கள். 2 முதல் 5 நிமிடம் போதும். சும்மா ஊற்றிக் கொட்டுவதுதான் ஆபத்து: ஃபிலிமின் மேல் பூசிய ஜெலட்டின் ஓரிடம் உப்பியும் ஓரிடம் உப்பாமலும் இருக்கும்போது டெவலப்பர் போனால் வானம் திட்டுத் திட்டாக வரும். தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டு உடனே டெவலப்பரை ஊற்றுங்கள்.

வடியும் தண்ணீர் பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால் பதற வேண்டாம். ஒளிச்சிதறலைத் தடுக்கப் பூசிய சாயம் அது. ஃபோமா நிறுவனத்தின் அகலமான 120 ரோலில் அந்தப் பச்சையைப் பார்த்தால் யாருக்கும் ஒரு நொடி பயம் வரும்!

டயாஃபைன் போன்ற இரண்டு கரைசல் டெவலப்பருக்கு மட்டும் ஊறவைக்கவே கூடாது. முதல் கரைசலை ஜெலட்டின் உறிஞ்சி வைத்துக்கொண்டால்தான் இரண்டாவதில் வேலை நடக்கும். ஏற்கெனவே தண்ணீர் குடித்த ஃபிலிம் எதை உறிஞ்சும்? நெகட்டிவ் வெளிறிப்போகும். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் டெவலப்பரிலும் கவனம் தேவை; ஃபிலிமைச் சுற்றிவைக்கும் ரீலில் தங்கும் தண்ணீர் ஒவ்வொரு ரோலுக்கும் அதைக் கொஞ்சம் நீர்த்துவிடும். ஒருமுறை பயன்படுத்திக் கொட்டுவதில் இந்தக் கவலை இல்லை.

ஒரு ரோலை ஊறவைத்து, அடுத்ததை ஊறவைக்காமல் செய்தால், டெவலப்பிங் நேரத்தைச் சோதித்து எழுதிவைத்த குறிப்பை நம்ப முடியாது.