என் காமாவா, உங்கள் காமாவா?

மூன்று வாரம் நிரலில் பிழை தேடினேன். நிரலில் பிழையே இல்லை. ரோ மெசான் என்ற, அணுவைவிடச் சிறிய துகளின் நிறை என்று, என்னோடு ஆய்வு செய்யும் மாட்ரிட் தோழி அனுப்பியிருந்த எண் 763. என் மேசையில் கிடந்த அட்டவணையில் இருந்தது 775. இரண்டும் துகள்களின் நிறையைச் சொல்லும் அலகான மெகா எலக்ட்ரான் வோல்ட் கணக்குதான்; இரண்டும் சரியான எண்கள்தான். இதைப் புரிந்துகொள்ளத்தான் மூன்று வாரம் போனது.

ரோ மெசான் பிறந்த கையோடு பையான் என்ற இரண்டு இலேசான துகள்களாகச் சிதைந்துவிடும். ஒரு நொடியைக் கோடி கோடி கோடியாகப் பகுத்து, அதில் ஒரு பங்கை மேலும் இருநூறுக்கு மேல் கூறு போட்டால் கிடைப்பதுதான் அதன் ஆயுள். எந்தக் கருவியும் அதை நேரில் பார்க்காது. பையான் இணைகளின் ஆற்றலை வரிசைப்படுத்தி எண்ணினால், ஓரிடத்தில் எண்ணிக்கை குன்றுபோல் எழுந்து இறங்கும். அதைத்தான் ஒத்ததிர்வு என்கிறோம். பிரைட்டும் விக்னரும் 1936இல் தந்த சூத்திரத்தின் வழிவந்த ஒன்றை அந்தக் குன்றின் மேல் பொருத்தினால் 775 கிடைக்கும். மாட்ரிட் தோழி குன்றையே பார்ப்பதில்லை. ஆற்றலைக் கலப்பெண்ணாக, அதாவது மெய்ப் பகுதியும் கற்பனைப் பகுதியும் கொண்ட எண்ணாக நீட்டி, துகள்கள் மோதிச் சிதறும் வாய்ப்பைத் தரும் சிதறல் வீச்சு எங்கே முடிவிலியாகிறது என்று தேடுவார். அந்த இடத்துக்குத் துருவம் என்று பெயர். அதன் மெய்ப் பகுதி 763. குன்று ஒல்லியாக இருந்தால் இரண்டு எண்களும் ஒட்டியே விழும். ரோவுடைய குன்றின் அகலமோ ஏறத்தாழ 150; அதனால்தான் எண்கள் விலகின. இசட் போசான் என்ற கனமான துகளிலும் இதே வம்பு உண்டு. இரண்டு வரையறைகளுக்கும் இடையே அங்கே 34 மெகா எலக்ட்ரான் வோல்ட் வேறுபாடு; ஜெனீவாவின் லெப் முடுக்கியில் அந்த நிறையை அளந்த பிழையோ ஏறக்குறைய 2தான்.

எங்கள் குழு மிகச் சிறியது: மாட்ரிட், புக்காரெஸ்ட், ஜப்பான், இந்தியாவிலிருந்து நான். செவ்வாய்தோறும் இணையவழிக் கூட்டம். மார்ச் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள் என்பது ஜப்பான்காரருக்கும் எனக்கும் முதல் ஆண்டு நினைவில்லை. நாங்கள் நுழைந்தபோது கூட்டம் முடிந்திருந்தது. இதெல்லாம் சிறு தொல்லை. பெருந்தொல்லை புக்காரெஸ்ட் கணிதவியலர்.

நான் எந்தச் சமன்பாட்டைக் காட்டினாலும் அவர் கேட்பது ஒன்றே: "இந்த நிலை எந்த வெளியில் வசிக்கிறது?" அணுக்கரு ஆல்ஃபா துகளை உமிழும் ஆல்ஃபா சிதைவை விளக்க 1928இல் இயற்பியலர் காமவ் ஆற்றலுக்குக் கற்பனைப் பகுதி ஒன்றைச் சேர்த்தார். அந்தப் பகுதிதான் துகள் காலப்போக்கில் தேய்வதைச் சொல்கிறது. ஆனால் குவாண்டம் நிலைகள் வசிக்கும் கணித வெளியான ஹில்பர்ட் வெளியில் ஆற்றலின் ஐகன் மதிப்பு, அதாவது அளந்தால் கிடைக்கும் எண், மெய்யெண்ணாகத்தான் இருந்தாக வேண்டும். காமவின் அலைச் சார்போ தொலைவு கூடக்கூட ஊதிப் பெருத்துக்கொண்டே போகும். அந்த வெளிக்குள் அடங்காது. விடை சரியாக வருகிறதே, முகவரி எதற்கு என்பது அன்றைய என் எரிச்சல்.

எரிச்சல் தணிய ஓராண்டு ஆனது. ஆற்றலுக்கு இதற்குக் கீழே போகாது என்ற ஓர் அடித்தளம் இருக்கும்வரை எந்தத் துகளும் என்றென்றைக்கும் அடுக்குக்குறி விதிப்படியே, அதாவது சம காலத்தில் சம விகிதமாக, சிதைய முடியாது என்று 1950களிலேயே சோவியத் இயற்பியலர் கால்ஃபின் நிறுவியிருந்தார். மிக நீண்ட காலத்துக்குப் பின் சிதைவு மந்தமாகும். பிறந்த முதற்கணத்திலும் விதி பிசகும். அந்த முதற்கணத்தைப் பிடித்துக்கொண்டு 1977இல் மிஸ்ராவும் சுதர்சனும், இடைவிடாமல் கண்காணிக்கப்படும் துகள் சிதையவே சிதையாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர் சுதர்சன். 1980களில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். அவர் பணியாற்றிய, அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலுள்ள அதே பல்கலைக்கழகத்தில், 1997இல் குளிர்வித்த சோடியம் அணுக்களைக் கொண்டு அந்த முதற்கணப் பிசகை அளந்தே காட்டினார்கள். பாடநூலில் நான் மனப்பாடம் செய்த விதி ஒரு தோராயம் என்பதைத்தான் புக்காரெஸ்ட்காரர் செவ்வாய்தோறும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

இவ்வளவுக்குப் பிறகும் குன்று இருந்தால்தான் துகள் என்ற நம்பிக்கை எனக்குள் மிச்சமிருந்தது. அதை உடைத்தது சிக்மா மெசான் என்ற இன்னொரு துகள். அதற்குக் குன்றே கிடையாது. பையான் சிதறல் தரவில் ஏதோ மெல்ல மேலேறுகிறது, அவ்வளவே. துகள் அட்டவணையிலிருந்து 1970களில் அதை நீக்கிவிட்டார்கள். 1996இல்தான் திரும்பச் சேர்த்தார்கள். அதன் பிறகும் நிறை, அகலம் இரண்டும் ஆளுக்கொன்றாக இருந்தன. இந்திய இயற்பியலர் எஸ். எம். ராய் பையான் சிதறலுக்கு 1971இல் எழுதிய சமன்பாடுகள் அதற்குக் கைகொடுத்தன. பெங்களூரிலும் பெர்னிலும் சுவிட்சர்லாந்தின் பிற இடங்களிலும் இருந்தவர்கள் சேர்ந்து 2001இல் அவற்றைத் துப்புரவாகத் தீர்த்தார்கள். அந்த வழியே போய், 2006இல் புக்காரெஸ்ட்டின் காப்ரினியும் பெர்னின் கொலாஞ்செலோ, லாய்ட்வைலர் இருவரும் துருவத்தின் இடத்தைக் குறித்தார்கள்: மெய்ப் பகுதி 441, கற்பனைப் பகுதி 272. நிறையைவிட அகலம் பெரிய துகள்! முதன்முறை படித்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன்.

அந்த 272தான் எங்களையும் கவிழ்த்தது. கற்பனைப் பகுதி என்பது அகலத்தில் பாதி. முழு அகலம் 544. காமா என்ற எழுத்தால் நான் முழு அகலத்தைக் குறித்தேன், ஜப்பான்காரர் பாதியை. வரைவு முழுவதும் இருவரின் காமாவும் கலந்து கிடந்தது. கட்டுரையை மதிப்பிட்டவர்தான் கண்டுபிடித்தார். வெட்கக்கேடு. அன்றே மாட்ரிட் தோழி பொதுக் கோப்பு ஒன்றைத் திறந்து, காமா முழு அகலம், நிறை என்றால் துருவத்தின் மெய்ப் பகுதி, காலச் சார்பில் குறி எதிர்மம் என்று எழுதத் தொடங்கினார். முதல் வரியை மட்டும் புக்காரெஸ்ட்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். நிலை எந்த வெளியில் வசிக்கிறது என்று அதில் எழுதினார்.

கட்டுரை 9 பக்கத்தில் வெளிவந்தது. அந்தக் கோப்பு 14 பக்கத்தைத் தாண்டிவிட்டது. போன செவ்வாயும் ஒரு வரி சேர்த்தோம்.