பிரிட்டனுக்கு செக்ஷன் 75, நமக்கு இஎம்ஐ

துரைப்பாக்கத்தில் ஒரு பேக் ஆபீஸ். பிரிட்டிஷ் கிரெடிட் கார்டு நிறுவனம் ஒன்றுக்கு வரும் புகார்களைப் படித்து, பணத்தைத் திருப்பித் தரலாமா கூடாதா என்று குறிப்பு எழுதுவது என் வேலை. மதியம் ஒன்றரைக்கு ஷிப்ட். சோபா, விமான டிக்கெட் என்று எல்லாம் வரும். என் மேசைக்கு அதிகம் வந்தது மருத்துவம்: பல் இம்பிளான்ட், கண் லேசர், மார்பக அறுவை.

எல்லாவற்றுக்கும் அடிப்படை 1974-இன் பிரிட்டிஷ் நுகர்வோர் கடன் சட்டம், 75-ஆம் பிரிவு. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ளதைக் கார்டில் வாங்கி, விற்றவர் ஒப்பந்தத்தை மீறினாலோ பொய் சொல்லி விற்றிருந்தாலோ, அவரிடம் கேட்கக்கூடியதையெல்லாம் கடன் கொடுத்தவரிடமும் கேட்கலாம். முன்பணம் மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் அவர் பொறுப்பு. கிளினிக் திவாலானால் இந்தப் பிரிவுதான் கை கொடுக்கும். பிரான்ஸின் பிஐபி நிறுவனம் மருத்துவத் தரமில்லாத சிலிக்கானை மார்பக இம்பிளான்ட்டில் அடைத்தது 2010-இல் வெளியே வந்தபோது, பிரிட்டனில் பல பெண்கள் கார்டு நிறுவனங்களின் கதவைத்தான் தட்டினார்கள்.

எளிதாகக் கொடுத்துவிடுவோம் என்று நினைக்க வேண்டாம். பலன் வரவில்லை என்பது மட்டும் போதாது. நியாயமான கவனமும் திறமையும் இல்லாமல் செய்தார்கள் என்று காட்ட வேண்டும். பெரும்பாலும் வேறொரு மருத்துவரின் அறிக்கை இல்லாமல் நகராது. என்னைச் சங்கடப்படுத்தியது இன்னொன்று. கணவர் கார்டில் கட்டியிருப்பார், அறுவை மனைவிக்கு, கிளினிக்கோடு ஒப்பந்தமும் மனைவி பெயரில். கடனாளி ஒருவர், ஒப்பந்தம் போட்டவர் வேறொருவர், 75-ஆம் பிரிவு கேட்கும் சங்கிலி அறுந்தது. ‘வருந்துகிறோம்’ என்று மிக மரியாதையாக எழுதி அனுப்புவோம். அந்த மரியாதைக்கே தனிப் பயிற்சி உண்டு.

பக்கத்து டீமில் ஒரு பையன். கல்யாணத்துக்கு முன் தலைமுடி நடவு செய்துகொண்டான், நகரில் ஒரு கிளினிக்கில், முழுக்க இஎம்ஐயில். முடி வரவில்லை, பின்மண்டையில் தழும்பு மட்டும் வந்தது. கேன்டீனில் கேட்டான்: “நம்ம ஊர்ல செக்ஷன் 75 கிடையாதா ப்ரோ?”

கிடையாது. சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்தில் வரும் சேவைதான் என்று வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. ஆகவே கிளினிக்மேல் வழக்குப் போடலாம். 2019 சட்டப்படி, கிளினிக் எங்கிருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. ஆனால் கடன் கொடுத்தவர் தானாகப் பொறுப்பாவார் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போனால் கடன் நிறுவனத்தின் சேவைக் குறையைக் கேட்பார். தலையில் ஏன் முடி வரவில்லை என்பது அவர் வேலை இல்லை.

டிஜிட்டல் கடனுக்கு 2022-இல் ரிசர்வ் வங்கி யோசித்துப் பார்க்க ஓர் அவகாசம் கொடுத்தது. அதற்குள் அசலையும் அதுவரையான வட்டியையும் கட்டிவிட்டு அபராதமில்லாமல் விலகலாம். நல்ல விதிதான். ஆனால் அது சில நாள் கணக்கு. நட்ட முடி முதலில் உதிர்ந்து, பலன் தெரிய ஒரு வருடம்கூட ஆகும். வழக்குப் போட இரண்டே வருடம். காத்திருக்கச் சொல்லியே கிளினிக் அதில் பாதியைத் தின்றுவிடும்.

“இஎம்ஐயை நிறுத்திடட்டுமா?” என்றான். வேண்டாம் என்றேன். சிபில் கடன் மதிப்பெண்ணில் கறை விழும். அக்கவுன்ட்டில் பணமில்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பினால், 2007-இன் பேமென்ட் சட்டத்து 25-ஆம் பிரிவில் கிரிமினல் வழக்குக்கும் இடமுண்டு. அதற்குப் பதில், கடன் நிறுவனத்தை இரண்டாம் எதிர்தரப்பாகச் சேர்த்து, தவணையை நிறுத்திவைக்க இடைக்கால உத்தரவு கேள் என்றேன். ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. தருவதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம். சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேட்கச் சொன்னேன். மருத்துவர்களுக்கான 2002 விதிகளின்படி 72 மணி நேரத்தில் கொடுத்தாக வேண்டும்.

அவனுடைய கடன் பேப்பர்களைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. ‘நோ காஸ்ட் இஎம்ஐ’, அதாவது வாங்குபவருக்கு வட்டியில்லாத் தவணை. அந்த வட்டியைக் கிளினிக்தான் ஏற்கிறது. பணம் அவன் கைக்கு வராமல் நேராக அங்கே போயிருக்கிறது. இவ்வளவு நெருக்கமாகத் தொழில் செய்பவர்கள் நஷ்டம் வந்தால் மட்டும் அந்நியர்கள் ஆகிவிடுகிறார்கள். 75-ஆம் பிரிவு பார்ப்பது இந்த உறவைத்தான். அதைப் பிரிட்டன்காரர்களுக்காகத் தினமும் அலசுகிற நாங்கள், எங்கள் டீம் பையனுக்கு அதை எடுத்துக்காட்டாகக்கூட நீட்ட முடியவில்லை.

அவன் வழக்குப் போட்டான். கடன் நிறுவனத்தின் பதில் மனு வந்துவிட்டது: ‘சிகிச்சைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை.’ மறுப்புரைக்கு அவன் வக்கீலிடம் முதல் இணைப்பாக வைக்கச் சொல்லியிருப்பது கிளினிக் ஆலோசகரின் வாட்ஸ்அப் செய்தி. “லோன் அப்ரூவ் ஆயிடுச்சு சார், நாளைக்கே சர்ஜரிக்கு வாங்க.”