மாலைதீவில் முழுப் படகு பிடிக்கிறவர்கள் முதலில் தலையை எண்ணுங்கள்

அப்பாவின் 70வது பிறந்தநாளுக்கு மாலைதீவில் ஒரு முழுப் படகை, கப்டன், சமையல்காரர், வேலையாட்கள் எல்லாரோடும் சேர்த்து, ஐந்து இரவுக்கு எடுத்தோம். போய் வந்து மூன்று கிழமை ஆகிறது. படகுக் கணக்கில் கழித்த 500 டொலர் இன்னும் திரும்பி வரவில்லை, நேற்று இரவும் அதற்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். கொக்குவிலில் இருந்துகொண்டு ரொறன்ரோ, லண்டன், மாலே என்று மூன்று பக்கமும் கதைத்து இந்த அலுவலைப் பார்த்தது நான்தான். இனி வெளிக்கிடுகிறவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

படகு அண்ணாவின் யோசனை. ஹோட்டல் என்றால் ஆளுக்கொரு அறைக்குள் போய்விடுவோம், படகென்றால் ஐந்து நாளும் ஒரே மேசையில் சாப்பிடலாம் என்றார். அப்பா ஊர்காவற்றுறையில் பிறந்து வளர்ந்தவர், கடல் என்றதும் மறுபேச்சில்லை. அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "சோழகம் தொடங்க முதல் போயிட்டு வந்திட வேணும்." மாலைதீவிலும் அதே கணக்குத்தான். மே தொடங்கி ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்று, மழை, அலை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி, விலையும் அப்போதுதான் உச்சம். அண்ணாவின் மகனுக்கு ரொறன்ரோவில் மார்ச் நடுப்பகுதியில் ஒரு கிழமை பள்ளிக்கூட விடுமுறை வருவதால் திகதி அதை வைத்தே முடிவாகிவிட்டது. அந்த நாட்கள் நோன்பு மாதத்துக்குள் விழுகிறதே என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை, படகை ஒழுங்குசெய்த முகவரும் சொல்லவில்லை. அதைப் பின்னுக்குச் சொல்கிறேன்.

முதல் அடி விலையில் விழுந்தது. முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய தொகை 9,500 டொலர், ஆறு அறை, ஐந்து இரவு. நான் அதை மூன்று குடும்பத்துக்கும் பிரித்து, ஆளுக்கு இவ்வளவு என்று எங்கள் குடும்பக் குழுவில் போட்டும் விட்டேன். பத்து நாள் கழித்து ஒப்பந்தம் வந்தபோது அதன் அடியில் வேறு கணக்கு இருந்தது. சேவைக் கட்டணம் 10 சதவீதம், 950. இரண்டையும் கூட்டி அதன்மேல் சுற்றுலா ஜிஎஸ்டி, 2025 ஜூலையில் இருந்து அது 17 சதவீதம், 1,776. பசுமை வரி ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டொலர், 12 பேருக்கு ஐந்து நாளுக்கு 720. கிட்டத்தட்ட 13,000 ஆகிவிட்டது, ஒரு நேரச் சாப்பாடுகூட இன்னும் அதற்குள் வரவில்லை. ஏனென்றால் இந்தத் தொழிலில் வாடகை என்று சொல்வது பெரும்பாலும் படகுக்கும், ஆட்களின் சம்பளத்துக்கும், படகின் காப்புறுதிக்கும் மட்டும்தான். எங்கள் சாப்பாடு, குடிபானம், டீசல், துறைமுகக் கட்டணம் எல்லாவற்றுக்கும் ஒரு தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். அதை ஏபிஏ என்பார்கள். வாடகையில் 25 முதல் 35 சதவீதம் வரை கேட்பது வழக்கம், எங்களிடம் 30 கேட்டார்கள், 2,850. கப்டன் அதில் இருந்து செலவழித்து, பற்றுச்சீட்டுகளோடு கணக்குக் காட்டி, மிச்சத்தைக் கடைசி நாளில் திருப்பித் தருவார். போதாவிட்டால் நாங்கள் மேலே போட வேண்டும். இந்த முறையில் களவு ஒன்றும் இல்லை, எங்கும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் 9,500 என்று எழுதியபோதே இது 15,800 அளவில் போய் நிற்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. குழுவில் புதிய தொகையைப் போட எனக்கு இரண்டு நாள் மனம் வரவில்லை.

ஆகவே முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்: வரி, சாப்பாடு, டீசல், விமான நிலையத்தில் வந்து ஏற்றி இறக்குவது எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகை எவ்வளவு? எழுத்தில் பதில் வரும்வரை வீட்டில் ஒருவருக்கும் தொகை சொல்லாதீர்கள். டீசல் உள்ளடக்கம் என்று சொன்னால், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேர ஓட்டம் என்றும் கேளுங்கள், அதற்கு மேல் ஓடினால் தனிக் காசு.

அடுத்தது வங்கி. ஒரு படகை எங்கள் பெயரில் பிடித்து வைப்பதற்கு நாள் கணக்கு உண்டு, ஒப்ஷன் என்பார்கள். எங்களுக்குத் தந்தது ஐந்து நாள். அதற்குள் ஒப்பமிட்டுப் பாதி வாடகையைக் கட்டாவிட்டால் படகு வேறு ஆளுக்குப் போய்விடும். பாதி என்றால் 4,750 டொலர், இங்கிருந்தே அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். முதல் நாள் கட்டணச்சீட்டோடு போனேன், ஒப்பந்தம் வேண்டும் என்றார்கள். இரண்டாம் நாள் ஒப்பந்தத்தோடு போனேன், இதில் உங்கள் ஒப்பம் மட்டும்தானே இருக்கிறது, மற்றப் பக்கத்து ஒப்பம் எங்கே என்றார்கள். என்னென்ன வேண்டும் என்று முதல் நாளே ஒரு துண்டில் எழுதித் தந்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு எடுத்து, இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை இருந்தேன். மூன்றாம் நாள் எல்லாம் சரி என்று நினைக்கும்போது அங்கே இருந்த பிள்ளை இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒப்பந்தத்தில ஒரு பெயர் இருக்கு, கணக்கு வேற பெயரில இருக்கு. இதை அனுப்பேலாது" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அந்தப் பிள்ளையின் மேல் கோபப்பட்டதற்கு இப்போது வருத்தப்படுகிறேன், ஏனென்றால் மூன்று நாளில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அது. முகவரின் மின்னஞ்சலுக்குள் கள்ளன் புகுந்து, கணக்கு இலக்கத்தை மட்டும் மாற்றி அனுப்பி, முற்பணத்தை அடித்துக்கொண்டு போவது இந்த மாதிரிப் பெரிய தொகைகளில் நடக்கிற விஷயம். எங்கள் விஷயத்தில் அது படகு உரிமையாளரின் கணக்கு, முகவர் இடையில் நிற்கிற ஆள், அவ்வளவுதான். ஆனால் அதை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. காசு அனுப்ப முதல், மின்னஞ்சலில் இருக்கிற இலக்கத்துக்கு எடுக்காமல், நீங்கள் முதன்முதலில் கதைத்த தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து, கணக்கு இலக்கத்தை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அண்ணா அப்படிக் கேட்டு உறுதிப்படுத்திவிட்டு, ஐந்தாம் நாள் பின்னேரம் ரொறன்ரோவில் இருந்தே அனுப்பினார்.

அப்பாவின் கடவுச்சீட்டு காலாவதியாகி இருந்தது. இப்போது யாழ்ப்பாணத்திலேயே எடுக்கலாம் என்பதால் அது ஒரு பிரச்சினையே இல்லை. விசாவும் அப்படித்தான், மாலேயில் இறங்கியதும் 30 நாளுக்கு இலவசமாகத் தருகிறார்கள், திரும்பி வரும் டிக்கெட்டும் தங்குமிடத்துக்கான பதிவுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

இனித்தான் பெரிய அடி. ஜனவரியில் எல்லாருடைய கடவுச்சீட்டுப் பிரதிகளையும் அனுப்பினோம். இரண்டு மணி நேரத்தில் பதில்: உங்கள் பட்டியலில் 13 பேர் இருக்கிறார்கள், இந்தப் படகுக்கு 12 பயணிகள்தான். நாங்கள் 12 என்றே எண்ணியிருந்தோம். தங்கச்சியின் குழந்தையைச் சேர்க்கவில்லை. "அது மடியில வாற பிள்ளை, கணக்கில வராது" என்று அண்ணா சொன்னதை, விமானத்தில் அப்படித்தானே என்று நானும் விட்டுவிட்டேன். சோலாஸ் என்கிற சர்வதேசக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கையில் ஒரு வயது நிறையாத குழந்தை பயணியாகக் கணக்கில் வராது, ஒரு வயதானால் வரும். 12 பயணிகளுக்கு மேல் ஏற்றினால் அது பயணிகள் கப்பல், அதற்கு வேறு சட்டங்கள். முகவர் அதைத்தான் காட்டினார். எங்கள் சின்னவளுக்குப் படகு ஏறும் நாளில் ஒரு வயதும் ஒன்பது நாளும். பயணத்தை முன்னால் தள்ளலாமா என்று பார்த்தால் அண்ணாவின் மகனுக்கு லீவு இல்லை, தங்கச்சியின் அவருக்கு வேலையில் விடமாட்டார்கள்.

சின்னம்மா எங்களோடு இருக்கிறார். அம்மா வேலைக்குப் போன காலத்தில் எங்கள் மூன்று பேரையும் பார்த்து வளர்த்தது அவர்தான். பயணத்துக்கென்று இரண்டு பருத்திச் சேலை வாங்கி, சட்டை தைக்கவும் கொடுத்திருந்தார். அன்று இரவு நாங்கள் கதைப்பதைக் குசினிக்குள் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தவர், தேங்காய் திருவுவதை நிறுத்தாமல், "நான் நிக்கிறன் பிள்ளை. வீட்டையும் ஒராள் பாக்கத்தானே வேணும்" என்றார். அப்பா கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். 13 பேரும் போவது, இல்லாவிட்டால் ஒருவரும் போவதில்லை என்று அப்போதே முடிவெடுத்தேன்.

அதே முகவரிடம் ஏழு அறையோடு, 14 பேருக்கு உரிமம் உள்ள இன்னொரு படகு இருந்தது. இந்த முறை நான் கேள்விகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கதைத்தேன். ஏபிஏ வேண்டாம், சாப்பாடும் டீசலும் வரியும் சேர்த்து ஒரே தொகை சொல்லுங்கள், ஒரு நாளைக்கு நாலு மணி நேர ஓட்டம், உள்ளடங்கியது என்னென்ன என்று ஒப்பந்தத்தில் வரிவரியாக வர வேண்டும் என்றேன். வீடியோவில் அறைகளையும், உயிர்காப்பு அங்கிகளையும், குழந்தைக்கு அளவான அங்கி இருக்கிறதா என்பதையும் காட்டச் சொன்னேன். 14,200 டொலருக்கு வந்தது. பெரிய படகு, ஒரு ஆள் கூட, ஆனாலும் முதல் கணக்கைவிட 1,600 டொலர் குறைவு. சின்னம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முதல் படகுக்குக் கட்டிய 4,750ஐ இதற்கு மாற்றும்போதுதான் "மாற்றக் கட்டணம்" என்று 500 டொலரைக் கழித்தார்கள். ஒப்பந்தத்தை மூன்று தடவை வாசித்தேன். இரத்துச் செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு போகும் என்று அட்டவணை இருக்கிறது, படகு மாற்றுவதற்குக் கட்டணம் என்று ஒரு வரிகூட இல்லை. மிச்சக் காசு பயணத்துக்கு 30 நாள் முன்னால் கட்டி முடிய வேண்டும், சண்டை பிடிக்க நேரம் இல்லை. அதனால் இந்த 500ஐ நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை, ஆட்சேபத்தோடுதான் கட்டுகிறோம் என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டுக் கட்டினோம். இதைக் கட்டாயம் செய்யுங்கள், இன்றைக்கு என் கையில் இருக்கிற ஒரே பிடி அந்த ஒரு வரிதான்.

விமானம் எடுக்க முதல் படகு எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்று கேளுங்கள். இருட்டினால் பவளப் பாறைகளுக்கு இடையில் படகை ஓட்டமாட்டார்கள். அண்ணா மாலை இறங்குகிற விமானத்தில் டிக்கெட் போட்டுவிட்டார், அப்படிப் போயிருந்தால் முதல் இரவு முழுக்க விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹுல்ஹுமாலேயிலேயே கட்டி நின்றிருப்போம், ஒரு நாள் வாடகை வீண். காசு கட்டித்தான் மாற்றினார். நாங்கள் இங்கிருந்து இரவு பஸ்ஸில் கட்டுநாயக்கா போய், காலை விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கினோம். அங்கே வெளியில் வந்தால் வாசலிலேயே இறங்குதுறை.

இமுகா என்கிற பயணிகள் படிவத்தைப் பயணத்துக்கு முந்திய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கிற தளம் போலி. மதுவும் பன்றி இறைச்சியும் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், வழிபாட்டுக்கான சிலைகளும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று எனக்கு முதல் நாள்தான் தெரிந்தது. அம்மா எப்போதும் கைப்பையில் வைத்திருக்கும் சின்னப் பிள்ளையாரைச் சாமியறையில் வைத்துவிட்டு வரச் சொன்னபோது அவர் முகம் வாடிப்போனது. முகவர் இதை இரண்டு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் மனதை ஆற்றிக்கொள்ள நேரம் இருந்திருக்கும்.

சாப்பாட்டுக்கு ஒரு படிவம் அனுப்புவார்கள், யாருக்கு என்ன ஒத்துக்கொள்ளாது, என்ன பிடிக்கும் என்று. அம்மாவும் சின்னம்மாவும் சைவம் என்று எழுதினேன். முதல் நாள் சம்பலில் மாசி. அங்கே மாசி இல்லாமல் சம்பல் இல்லை, அந்தச் சமையல்காரத் தம்பிக்கு அது மீன் என்ற எண்ணமே வரவில்லை, பாவம், சொன்னதும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வேறாகச் செய்து தந்தார். நீங்கள் எழுதும்போது மீன், மாசி, கருவாடு, முட்டை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

நோன்பு மாதம் என்பதால் ஆட்கள் குடியிருக்கும் தீவில் இறங்கிய அன்று பகலில் ஒரு தேத்தண்ணீர்க் கடையும் திறந்திருக்கவில்லை. படகுத் தம்பிமார் நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எங்களுக்குப் பரிமாறியதைப் பார்க்க அம்மாவுக்குத் தாங்கவில்லை, பொழுதுபடும் நேரத்தில் எங்கள் சாப்பாட்டைப் பிற்போட்டு அவர்களை முதலில் நோன்பு திறக்க விட்டோம். கடைசி நாளில் அவர்களுக்குக் கொடுக்க டொலர் நோட்டாகக் கொண்டுபோங்கள், வாடகையில் 5 முதல் 15 சதவீதம் வரை கொடுப்பது வழக்கம். கப்டனிடம் உறையாகக் கொடுத்தால் பிரித்துக் கொடுப்பார்.

ஐந்து நாளும் கடல் கண்ணாடி போல இருந்தது. அப்பா விடிய முதலே கப்டனுக்குப் பக்கத்தில் போய் இருந்துவிடுவார், இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது, காற்றையும் நீரோட்டத்தையும் கையால் காட்டிக் கதைத்தார்கள்.

நேற்று எழுதிய மின்னஞ்சலில் ஒப்பந்தத்தின் இரத்து அட்டவணைப் பக்கத்தைப் படமெடுத்து இணைத்து, எந்த வரியின்படி 500 கழித்தீர்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். போன கிழமை "பரிசீலிக்கிறோம்" என்று ஒரு பதில் வந்தது. சின்னம்மா ஒவ்வொரு நாளும் காலையில் தேத்தண்ணீரோடு வந்து, "காசு வந்ததோ பிள்ளை?" என்று கேட்கிறார்.